பதில் உரிமை

நான் இல்லை என்று உலகத்துக்குச் சொன்னவர்
இந்த அம்மாதான்.
ஜெனிவாவில், ஒரு வியாழக்கிழமை,
பதிலளிக்கும் உரிமையில் இரண்டு நிமிடம்:
"நாடற்றவர் எவரும்
எங்கள் தோட்டங்களில் இல்லை."
ஆறு மொழிகளில் உடனுக்குடன் பெயர்த்தார்களாம்.
ஆறிலும் நான் இல்லாமல் போன நேரம்
பஹாவ் மில்லில்
செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தேன்.
லோரிக்கு என்னைத் தெரிந்திருந்தது.

இப்போது சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்,
யோகாம்பிகை நல்லையா, முன்னாள் தூதர்.
பலகையில் அப்படிப் போடவில்லை.
பலகையே இல்லை.
டயர் வாசனையைப் பிடித்துப் படியேறினால்
நாலு பிளாஸ்டிக் நாற்காலி,
தலையாட்டும் காற்றாடி,
ஓய்வூதியத்தில் வாங்கிய நகல் மிஷின்.
உட்கார்ந்திருப்பவர்கள் யாரும்
வங்கிக்குப் போனதில்லை,
பள்ளிக்கூடத்தில் முழுசாகப் பெயர் விழுந்ததில்லை,
போலீஸ் தடுப்பைக் கண்டால்
பாலைக்காட்டு வழியே சுற்றி வந்தவர்கள்.

"பிறந்த இடம்?"
தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.
பேனா நின்றது.
அங்கே பெரிய கிராணி, நல்லையா.
செக்ரோலில் என் அம்மாவை
ஒரு மாசம் அஞ்சலை என்றும்
மறு மாசம் அஞ்சம்மா என்றும் எழுதியவர்.
இரண்டு பெயர்க்காரி பெற்ற பிள்ளையை
எந்தப் பெயரில் பதிவது என்று
ஸ்டேஷனில் கேட்டார்கள்.
அம்மா திரும்பி வந்துவிட்டாள்.
விடிந்தால் பெரட்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு
மன்னிப்புக் கேட்பார் என்று முகத்தைப் பார்த்தேன்.
"கறுப்பு மை. பெரிய எழுத்து" என்று
பாரத்தை என் பக்கம் தள்ளினார்.

எட்டு மாதம் அந்தக் கோபம் எனக்குள் இருந்தது.
எட்டு மாதமும் அவர் அலைந்தார்.
லயம் இடித்த இடத்தில் நின்றார்,
மருத்துவச்சியின் மகளை ரொம்பினில் தேடினார்.
கடைசியில் ஆ லியோங் மளிகைக் கடையில்
கரையான் தின்றது போக மீந்த கடனேடு.
சீன எழுத்தில் ஒரு வரி,
பேரன் படித்துச் சொன்னான்:
பால்மாவு ஒரு டின். அஞ்சலை. பிள்ளைக்கு மூன்று நாள். ஆண்.
பக்கத்திலே தேதி.
என்னை முதலில் பதிந்தவன் கடன்காரன்.
அந்த டின்னுக்குக் காசு கொடுத்ததாகக்
கோடு அடிக்கப்படவில்லை.

பதிவிலாகாவில் அதிகாரி மரியாதையானவர்.
தூதரை அறிந்தவர்.
இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து
இரண்டு கையாலும் நீட்டினார்:
"புவான், இது நீங்கள் பேசியதுதானே?"

கண்ணாடி மாட்டிக்கொண்டு
யாரோ எழுதிய கடிதத்தைப் போல
கடைசி வரை வாசித்தார்.
"நல்ல ஆங்கிலம். ஐந்து தடவை திருத்தினேன்" என்றார்.
அப்புறம் மலாயில், ஒரே சொல்,
பக்கத்துக் கவுண்டருக்கும் கேட்கிற மாதிரி:
"பொஹோங்."
பொய்.
எண் கூப்பிடும் இயந்திரம் மட்டும்
நாற்பத்தேழு என்றது.

"இதையும் ஃபைலில் சேருங்கள், தேதி போட்டு."
சத்தியப் பத்திரம் ஒன்று கொண்டுவந்தார்கள்.
தானே எழுதினார்:
நான் பேசிய நாளில் இந்த மனிதர் இருந்தார்.
எனக்குத் தெரியும்.
என் மேசையில் பட்டியல் இருந்தது.
கீழே அதே கையெழுத்து,
ஜெனிவாத் தாளில் இருந்த அதே நீண்ட வால்.

சாட்சி வேண்டுமாம்.
நான் பேனாவை வாங்கினேன்.
பெயர் எழுதினேன், அம்மாவின் பெயரோடு,
அஞ்சலை என்றே.
அடுத்த கட்டம் கேட்டது:
ஐ.சி. எண்.

அவரைப் பார்த்தேன். சிரித்துவிட்டார்.
எட்டு மாதத்தில் முதல் தடவை.
எனக்கும் வந்தது, அடக்க முடியாமல்.
அதிகாரி மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுத்தம் செய்ய வந்த மாக்சிக்
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத்
தன் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

விண்ணப்பம் டாலாம் புரோசெஸ்.
வியாழன்தோறும் கேட்கப் போகிறோம்.
வரும் வழியில் தே ஓ, சீனி இல்லாமல் அவருக்கு.
காசு நான் கொடுக்கிறேன்.